அவங்க என்றால் எத்தனை பேர்

17 பிப்ரவரி 2025, திங்கள்

முழங்கால் வலி மறுபடியும். கோர்ட்டில் லிஃப்ட் பழுது, மூன்று மாடி ஏறி இறங்கினேன். ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இரும் என்கிறார் என் கணவர் சற்குணத்தார். வீட்டில் இருந்தால் இவருடைய ரேடியோவோடுதான் பொழுது போகும். அதற்குக் கோர்ட்டே மேல். இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் தமிழில் சொன்னதை மலாயில் திருப்பிச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். இன்னும் மூன்று வருஷம் சொல்லிவிட்டுப் போகிறேனே.

புதன்கிழமை குருபோங் விபத்து வழக்கு. போன ஆகஸ்டில் காந்தன் என்ற பையன் இரவு ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். காலை ஏழேகால் மணிக்குச் சந்தியில் ஒரு பெரிய கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பையன் செத்துப்போனான், முப்பத்திரண்டு வயது. கார் டத்தோ பட்டம் வாங்கிய முதலாளி தனபாலனுடையது. ஓட்டியது அவர் மகன் தினேஷ்வரன் என்பது வழக்கு. இல்லை, டிரைவர் தம்புசாமி ஓட்டினார், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்பது அவர்கள் கதை. காருக்குள் இருந்த கேமரா காணாமல் போய்விட்டதாம். என்ன அதிசயம்!

பார்த்தது ஒரே ஓர் ஆள். அந்தச் சந்தியில் ரோடு கூட்டுகிற ராமாத்தாள். தமிழில்தான் சாட்சி சொல்வாராம். ஆகவே நான்.

எதிர்த்தரப்பு வக்கீல் விஜயரட்ணம். எங்கட யாழ்ப்பாணத்து ஆள்தான். விஜயரட்ணத்தின் அம்மாவும் என் மாமியும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே வகுப்பு.

19 பிப்ரவரி, புதன்

களைத்துப்போய் வந்தேன். காலையிலேயே வேறு கோர்ட்டில் இரண்டு ஜாமீன் மனு. சாப்பிடக்கூட நேரமில்லை. நேரே குருபோங் வழக்கு.

ராமாத்தாளுக்கு அறுபத்து மூன்று வயது. துவைத்து மடித்த பச்சைச் சேலை. சாட்சிக் கூண்டுக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டார். போட்டுக்கொண்டே நிற்கலாம் அம்மா என்றேன், கேட்கவில்லை. பழைய தோட்டத்து ஆள். பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டம் மூடியபிறகு புக்கிட் பெருவாங்கில் டத்தோ வீட்டில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை. அதனால் அந்த மகனை நன்றாகத் தெரியும். இதுதான் வழக்கின் பலமே.

யார் காரை ஓட்டியது என்று அரசு வழக்கறிஞர் கேட்டாள். சின்னப் பிள்ளை, கையில் முப்பது ஃபைல்.

ராமாத்தாள் சொன்னார்: “அவங்கதாங்க ஓட்டிக்கிட்டு வந்தாங்க. அவங்களே எறங்கிக் கீழ கெடந்த பையனப் பார்த்தாங்க. பார்த்துட்டு ஏறிப் போயிட்டாங்க.”

கைகாட்டச் சொன்னார்கள். விரலை நீட்டமாட்டேன் என்று, தினேஷ்வரன் நின்ற பக்கமாகத் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். அவனுக்கு நேர் பின்னால் டத்தோ உட்கார்ந்திருந்தார். சாட்சி கும்பிட்டது தகப்பனை, மகனை அடையாளம் காட்டியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விஜயரட்ணம் எழுந்துவிட்டார். பெயரைச் சொல்லுங்கள் என்றால், “மொதலாளி வீட்டுப் பேர நான் எப்படிங்க சொல்றது” என்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு குறுக்கு விசாரணை. விஜயரட்ணம் மலாயில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

“அவர்கள் ஓட்டினார்கள் என்றுதானே சொன்னீர்கள்?”

“ஆமாங்கய்யா.”

“அவர்கள் இறங்கினார்கள்?”

“ஆமாங்கய்யா. அவங்கதான் எறங்குனாங்க.”

உடனே அவர் நீதிபதியைப் பார்த்து, ஒரு ஸ்டியரிங்கை இரண்டு பேர் பிடித்து ஓட்டியதாகச் சாட்சி சொல்கிறார் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ராமாத்தாளும் என்னைப் பார்த்துச் சிரித்தார், என்னவென்று புரியாமலே. அரசு வழக்கறிஞர் மறுபடி கேட்க ஒன்றுமில்லை என்றுவிட்டாள்.

வெளியே படியில் செத்துப்போன பையனின் மனைவி தேவிஸ்ரீ என்னை மறித்தாள். “மேடம், அந்தம்மா ஒருத்தரத்தானே சொன்னாங்க? மரியாதைக்கு அவங்கன்னு சொன்னாங்க லா. நீங்க ஏன் மெரேக்கான்னீங்க?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “இருபத்தாறு வருஷமா இந்த வேலைதான் செய்யிறேன். எனக்கு நீங்க தமிழ் சொல்லித் தர வேண்டாம்” என்றேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

ஐயோ.

ஐயோ, என்ன செய்து போட்டன்!

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிற காலேஜ் பையன்கள். இவர் கேட்டடியில் நின்று கத்துகிறார்: “இஞ்சரும், அவங்கள் திரும்பவும் எங்கட வாசலில காரை விட்டிட்டுப் போயிட்டாங்கள்!” நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுத் தமிழில் மரியாதை என்றால் ‘அவர்’. ‘அவங்கள்’ என்றால் பல பேர், அதுவும் மரியாதை இல்லாத பல பேர். தோட்டத்துத் தமிழில் ‘அவங்க’ ஒரே ஓர் ஆள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சொல்கிற ஓர் ஆள். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாததா இது? ஆயிரம் தடவை சரியாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குப் பசியில், களைப்பில், காதில் அம்மா வீட்டுத் தமிழ் விழுந்துவிட்டது. மலாயில் ஒருவர் என்றால் ‘டியா’, பலர் என்றால் ‘மெரேக்கா’. நான் மெரேக்கா என்றேன். விஜயரட்ணம் அதை அப்படியே பிடித்துக்கொண்டு ‘அவர்கள், அவர்கள்’ என்று என் வாயாலேயே கேட்க வைத்தார். அந்த மனுஷி தன் சின்ன முதலாளியைத்தான் கேட்கிறார்கள் என்று ஆமாம் போட்டது.

விஜயரட்ணத்துக்குத் தெரியும். அவனும் எங்கட வீடுகளில வளந்தவன்தானே. ரெண்டு தமிழும் தெரியும்.

பொல்லை, அடிக்கிற தடியை, எடுத்துக் குடுத்தது நான். அடி வாங்கினது நான் இல்லை. அந்தப் பெண் தேவிஸ்ரீ.

20 பிப்ரவரி, வியாழன்

காலை எட்டு மணிக்கே போய்க் கடிதம் கொடுத்தேன். என் மொழிபெயர்ப்பில் தவறு, சாட்சி சொன்னது ஒருவரை, ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்க்கவும். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை.

இவருக்குக் கோபம். “நீர் ஏன் வலியப் போய் மாட்டுப்படுறீர்? ஆரும் கேட்டவையே?”

தேவிஸ்ரீ கேட்டாள் என்றேன்.

24 பிப்ரவரி, திங்கள்

லிஃப்ட் சரியாகிவிட்டது. உள்ளே விஜயரட்ணம். நானும் அவரும் மட்டும்.

“அக்கா, சும்மா ஏன் உங்களை வருத்திறீங்கள்? நீங்கள் சொன்னதும் இலக்கணப்படி சரிதானே. அவர்கள், பன்மை.”

“தம்பி, அந்த மனுஷி ஒருத்தனைத்தான் சொன்னா எண்டு உமக்குத் தெரியாதோ?”

“எனக்குத் தெரிஞ்சதை நான் கோர்ட்டில சொல்லக் கூடாது அக்கா. நான் வக்கீல்.” சிரித்தார். இரண்டாம் மாடியில் இறங்கும்போது, “மாமிக்கு நான் கேட்டதாகச் சொல்லுங்கோ” என்றார்.

மாமி செத்து நாலு வருஷம். மரண வீட்டுக்கு வந்து சோறும் தின்றவர்.

6 மார்ச், வியாழன்

கடிதத்துக்கு முடிவு வந்தது. ராமாத்தாளை மறுபடி கூப்பிட்டுக் கேட்கலாம் என்று நீதிபதி அனுமதித்துவிட்டார். ஏப்ரல் 23. அப்பாடா! நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியது.

ஆனால் நான் மொழிபெயர்க்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று விஜயரட்ணம் ஆட்சேபித்தாராம். வேறு ஆள் வருவார். அதுவரை நான் அந்தச் சாட்சியோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. சரி, நியாயம்தான். யார் மொழிபெயர்த்தால் என்ன? ஒருவரா இருவரா என்று ஒரு கேள்வி. ஒருத்தங்க என்று ஒரு பதில். முடிந்தது.

தேவிஸ்ரீயிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம். யார் ஓட்டுனதுன்னு கோர்ட்டு வாயால சொல்லிட்டா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நாளைக்கி எம்மக கேட்டா சொல்லணும்ல” என்றாள்.

9 மார்ச், ஞாயிறு

நான் ஒரு பாவி.

பகல் பதினொரு மணி, நல்ல வெயில். கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். ராமாத்தாள். எங்கள் பாச்சாங்குக்கு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாரோ. சேலைத் தலைப்பை இரண்டு கையிலும் முறுக்கிக்கொண்டே, “உள்ள வரலம்மா. இங்கயே நின்னு ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. வூட்டுக்கு ஆளு வந்தாங்க...” என்றார்.

நான் கையை ஆட்டினேன். “அம்மா, பேசக் கூடாது. சட்டம். நீங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது, நானும் கேக்கக் கூடாது. போயிட்டு வாங்க.”

“ஒரே ஒரு வார்த்தம்மா.”

“கூடாது அம்மா!”

தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. அதுகூடப் பேச்சாகிவிடுமோ என்று பயம். திரைச்சீலை ஓரமாக நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார்.

அரசு வழக்கறிஞரிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

10 மார்ச், திங்கள்

சொன்னேன். “யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள்?” என்று கேட்டாள். கேட்கவில்லை, கேட்கக் கூடாதே என்றேன். அப்படியென்றால் என்ன எழுதுவது என்று பேனாவை மூடிவிட்டாள். அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

13 ஏப்ரல், ஞாயிறு

பசாரில் தேவிஸ்ரீயைப் பார்த்தேன். ராமாத்தாள் வீட்டுக்கு வந்த ஆள்கள் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கும் கோர்ட்டுக்கும்தான் தெரியவில்லை.

மூடிய தோட்டத்தை வாங்கியது டத்தோ கம்பெனிதான். இன்னும் அங்கே தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளில் முப்பத்தொரு குடும்பம் இருக்கிறது, ராமாத்தாளும் சேர்த்து. அவர்களுக்குக் கட்டிய புதுத் தரை வீடுகள் மூன்று வருஷமாகப் பூட்டியே கிடக்கின்றன. பெயர்ப் பட்டியல் தயாராகவில்லையாம். இப்போது திடீரென்று தயாராகப்போகிறதாம்! ஏப்ரல் 23க்குப் பிறகு!

“யாரும் மெரட்டல மேடம்,” என்றாள் தேவிஸ்ரீ. “அரிசி, பழம்லாம் வாங்கிட்டுப் போயி நல்லாத்தான் பேசுனாங்களாம். ‘ஒங்க வாயிலதாம்மா முப்பத்தொரு வூட்டு சாவியும் இருக்கு’ன்னு சொன்னாங்களாம். அதுலேருந்து லயத்துல இருக்கறவங்களே அந்தம்மாவ விடமாட்றாங்க. தெனமும் ஆளு மாத்தி ஆளு.”

முறுக்கிய அந்தச் சேலைத் தலைப்பு ஞாபகம் வந்தது. என்னிடம் கேட்க வந்தது இதைத்தானே. நான் சட்டம் பேசினேன். எனக்குத்தான் பேசத் தடை. அரிசியும் பழமும் கொண்டுபோனவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. மிரட்டலே இல்லாததை அரசு வழக்கறிஞரிடம் சொன்னால் மறுபடி பேனாவைத்தான் மூடுவாள்.

இவரிடம் சொன்னேன். “பணம் பாதாளம் வரைக்கும் பாயும் எண்டு சும்மாவா சொன்னவை” என்றார். பழமொழி ஒன்றுதான் குறைச்சல். எரிந்து விழுந்துவிட்டு வந்து படுத்தேன்.

23 ஏப்ரல், புதன்

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் வெளியூர்ப் பையன், நல்ல தெளிவான தமிழ். என்னைவிட நன்றாகச் செய்தான்.

ராமாத்தாள் அதே பச்சைச் சேலை. அதே மாதிரி செருப்பைக் கழற்றினார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

“காரிலிருந்து இறங்கியது ஒருவரா, இருவரா?”

சேலைத் தலைப்பை இரண்டு கையிலும் முறுக்கினார். சொல்லு அம்மா, சொல்லிப்போடு அம்மா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

“ரெண்டு பேருங்க.”

“ஓட்டியது யார்?”

“சரியாத் தெரியலீங்க. எனக்குக் கண்ணுல புரைங்க.”

“அன்று அவங்க என்று நீங்கள் சொன்னது ஒரே ஆளையா?”

“அந்தம்மா சொன்னது சரிதாங்க.” என்னைத்தான் சொன்னார். “அவங்க படிச்சவங்க. அவங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்.”

உள்ளதும் போச்சுது. என் தப்பையே எனக்கு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பையன் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தான். விஜயரட்ணத்துக்குக் கேட்க ஒரு கேள்வியும் இல்லை.

24 ஏப்ரல், வியாழன்

மருத்துவ விடுப்பு. முழங்கால் என்று எழுதிக் கொடுத்தேன்.

18 ஜூன், புதன்

விடுதலை. எதிர்த்தரப்பு தன் பக்கத்துச் சாட்சி ஒருவரைக்கூடக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஓட்டியவர் இன்னார் என்று அரசுத் தரப்பு காட்டவில்லை என்று நீதிபதி வாசித்தார். முப்பது பக்கம். ஒரு வரியில்கூடக் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு முடியவில்லை. யாரும் அவரை விலைக்கு வாங்கவில்லை. முன்னால் இருந்த சாட்சியத்துக்கு வேறு எந்தத் தீர்ப்பை எழுதுவார்? யாரையாவது கைநீட்டித் திட்ட முடிந்தால் மனம் கொஞ்சம் ஆறும். கடைசியில் விரல் என் பக்கம்தான் திரும்புகிறது.

தினேஷ்வரன் அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டான். போட்டோ எடுத்தார்கள்.

தேவிஸ்ரீ அழவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டாள்: “அப்ப என் வீட்டுக்காரர யாருதான் மேடம் அடிச்சது?”

பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, எப்படியோ உட்கார்ந்தேன்.

2 ஜூலை, புதன்

டிரைவர் தம்புசாமியின் வழக்கு. கவனக்குறைவாக ஓட்டியதாகச் சின்னக் குற்றச்சாட்டு. மொழிபெயர்ப்பாளர் நான்தான். இந்த வழக்குக்கு என் மேல் யாருக்கும் ஆட்சேபணை இல்லையாம்.

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?”

“ஒப்புக்கறேங்க. நாந்தாங்க ஓட்டுனேன்.”

நான். மலாயில் ‘சாயா’. இதில் ஒருமை பன்மைக் குழப்பம் ஒன்றும் கிடையாது. சரியாக மொழிபெயர்த்தேன். அபராதம், அங்கேயே கட்டினார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. தம்புசாமி போகும்போது என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவருக்கு என்ன நெருக்கடியோ.

20 ஆகஸ்ட், புதன்

காந்தன் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. தேவிஸ்ரீக்குப் போன் செய்தேன். குருபோங் வேலையை விட்டுவிட்டு மகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். தினமும் அந்தச் சந்தியைத் தாண்ட முடியவில்லையாம்.

29 அக்டோபர், புதன்

தீபாவளி முறுக்கு இன்னும் டின்னில் கிடக்கிறது. நமத்துப்போய்விட்டது, எறிய மனமில்லை.

சாயங்காலம் கேட்டில் குரல். ராமாத்தாள். தட்டில் வெற்றிலை, இரண்டு ஆரஞ்சு. இந்தத் தடவை ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். நானும் தரையில் உட்காரப் பார்த்தேன், முடியவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன்.

வீடு கிடைத்துவிட்டதாம். முப்பத்தொரு குடும்பத்துக்கும். “பைப்புல தண்ணி நல்லா வருதும்மா. ரெண்டு ரூமு. மழ பேஞ்சா ஒழுகல.” கொஞ்ச நேரம் வீட்டைப் பற்றியே பேசினார். மேடை போட்டு, கூடாரம் போட்டு, பேப்பர்க்காரர்களைக் கூப்பிட்டுச் சாவி கொடுத்தார்களாம்.

“யார் கொடுத்தது?” என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவந்தான். சாவிய அவன் கையாலதாம்மா குடுத்தான். நான் ரெண்டு கையும் நீட்டி வாங்குனேன்.” இரண்டு உள்ளங்கையையும் சேலையில் துடைத்துக்கொண்டார். “அவந்தாம்மா அன்னைக்கி ஓட்டுனான். அவனே எறங்கி வந்து பார்த்தான். அந்தப் பையனுக்கு அப்ப உசுரு இருந்திச்சும்மா, கைய தூக்குனான். நான் தொடப்பத்தப் போட்டுட்டு ஓடுறதுக்குள்ள இவன் ஏறிப் போயிட்டான். இந்தக் கண்ணால பார்த்தேன். புரையாவது ஒண்ணாவது!”

அவன். எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணவில்லை. கோர்ட்டில் ஒரே ஒரு தடவை வந்திருக்க வேண்டிய சொல்.

“நானே மலாய்ல பேசியிருக்கணும்மா,” என்றார். “பசார்ல மீன்காரங்கிட்ட பேசுறேன், அந்த மலாய் போதாதா? டியான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அதுல மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கோர்ட்டாச்சே, நம்ம பாஷையில ஒழுங்கா சொல்லணும்னு நெனச்சேன்.”

அந்த இடத்தில் நான் இல்லாமலே இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்கிறார். என்னைக் குத்திக்காட்டச் சொன்னதும் இல்லை. சும்மா சொல்கிறார்.

தேவிஸ்ரீயைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டும்மா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெற்றிலைத் தட்டை என் பக்கம் நீட்டினார். பழைய மரியாதைக் குரல் திரும்பி வந்துவிட்டது.

“வர்ற வெள்ளிக்கெழம காலையில பால் காய்ச்சுறேன். நீங்களும் அய்யாவும் கண்டிப்பா வந்துரணும். அவங்களும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.”

எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.